பட்டமளிப்புப் படம் யாருக்கு?

மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருத்தி

அங்கியும் தொப்பியும் அணிந்து, கையில் சுருட்டிய தாள் ஒன்றைப் பிடித்தபடி நிற்கும் இளைஞரின் படம் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீட்டுக் கூடங்களில் தொங்குகிறது. 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய மண் அல்லவா இது! பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் உறங்கும், படமோ வருவோர் போவோரை எல்லாம் "யார் இது?" என்று கேட்க வைக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே வயலிலும் தறியிலும் உழைத்த தாய்மார் உண்டு என்றால் அது மிகையாகாது.

அந்தப் படம் எல்லா வீட்டுக்கும் கிடைக்கிறதா?

தேவனாம்பட்டினத்திலும் சி. முட்லூரிலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளுக்கு வருபவர்கள் யார்? மீன்பிடி வலை காயும் குப்பங்களிலிருந்தும், பண்ருட்டி முந்திரித் தோப்புகளிலிருந்தும், குறிஞ்சிப்பாடித் தறிகளின் ஓரத்திலிருந்தும் வருபவர்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தாலும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தாலும் மாதம் 1,000 ரூபாய் பெறுவோர் நம்மிடையே பலர். ஜெராக்ஸுக்கும் புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் போக அதில் மிஞ்சுவது எவ்வளவு என்பது வாங்குவோர்க்கே தெரியும். இந்த நிலையில் இறுதியாண்டு வந்ததும் குரூப் போட்டோவுக்கு ஒரு தொகை, தனிப்படத்துக்கு ஒரு தொகை, அங்கி வாடகை, சட்டம், ஆல்பம் என்று பட்டியல் நீண்டால் என்ன ஆகும்?

வேறோர் ஊரில் பயின்ற என் அண்ணன் சொல்வதுண்டு. படம் எடுத்த நாளில் பணம் கட்டாத நால்வர் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்களாம். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, தாமாகவே போனார்கள். இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர் எவரும் அந்த நால்வர் அவ்வகுப்பில் படித்ததாக அறியமாட்டார்.

இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன், பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தினார்கள். 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுப் படங்கள் அவர்கள் தேடலின் எல்லை. அரிய தொண்டு. ஆனால் எவ்வளவு தேடினாலும் அகப்படுவது ஸ்டுடியோ வாசலை மிதிக்க முடிந்தவர்களின் முகம்தானே? மிதிக்க முடியாதவர்களின் முகத்தை எந்தக் காப்பகம் காக்கும்?

பணம் மட்டுமே தடை என்றும் எண்ணிவிட வேண்டாம். மாடியில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு மூட்டுவலிக்காரப் பாட்டி எப்படி ஏறுவார்? வேலைநாளில் படம் எடுத்தால் கூலி வேலைக்குப் போகும் தந்தை ஒரு நாள் சம்பளத்தை இழந்தல்லவா வரவேண்டும்? கால் ஊனமுற்ற தோழரைப் பின்வரிசைப் பெஞ்சின்மேல் ஏறச் சொல்வது என்ன நியாயம்?

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கலர் பிலிம் காலத்தில், அச்சில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோலுக்கு ஒத்துவந்தால் எல்லாம் சரி என்று பொருள்! பிலிம் போய்க் கணினி வந்துவிட்டது. அந்த எண்ணம் போனதா? கேளாமலே முகத்தை வெளுப்பாக்கித் தருவது இன்றும் பல கடைகளில் வழக்கம். கடற்கரை வெயிலில் உழைத்த தந்தையின் முகத்தை மாவு பூசியதுபோல் மாற்றிக் கொடுத்தால், பேரப்பிள்ளைகள் யாரைப் பார்த்துத் தாத்தா என்பார்கள்?

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948-இல் ஸ்டுடியோ தொடங்கிய செய்தூ கெய்த்தா என்பவரின் கதை நமக்கு வழிகாட்டும். பூப்போட்ட துணியைத் திரையாகக் கட்டி, பகல் வெளிச்சத்திலேயே படம் எடுத்தார். கோட்டு, கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் ஸ்டுடியோவிலேயே இருக்கும். வருபவர் வேண்டியதை எடுத்து அணிந்துகொள்ளலாம். பிலிம் விலையை எண்ணிப் பெரும்பாலும் ஆளுக்கு ஒரே ஒரு சொடுக்குதான். அந்தப் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நாமும் இறுதியாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் படநாளாக வைத்தால் என்ன? தொழில் தெரிந்த உள்ளூர்ப் புகைப்படக்காரரைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், நாளுக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். செலவு குறையும் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. தலைக்கணக்கில் அறுபது பேர் வகுப்பிலிருந்து ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 30,000 ஆகிறது. நாள்கணக்கில் ஒருவருடைய உழைப்புக்கு நியாயமான ஊதியமும் அச்சுச் செலவும் மட்டுமே. அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனிப்படம் ஒன்று, குடும்பத்தோடு ஒன்று, வகுப்போடு ஒன்று. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தாள். பெரிய சட்டம் வேண்டுபவர் தம் காசில் போட்டுக்கொள்ளட்டும். பணம் கட்டாதோர் பட்டியல் என்ற ஒன்றே எழக்கூடாது.

"கைக்குக் கை செல்போன் இருக்க, இது எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். செல்போனில் ஆயிரம் படம் இருக்கும். செல்போன் உடைந்தால் ஒன்றும் இருக்காது. காகிதமும் நீருக்குத் தப்பாது என்பது உண்மையே. 2004 ஆழிப்பேரலையும் 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் கண்ட மாவட்டம் இது. பழைய படத்தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்து வரும். எனவே படத்தாள் வீட்டிலும், மூலப்பதிவு கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டும். கேட்டபோது மறுபடி அச்சிட்டுத் தரலாம்.

புகைப்படக்காரர் வயிற்றில் அடிக்கும் திட்டமும் அல்ல இது. தேரோடும் வீதிகளிலும் மஞ்சக்குப்பத்திலும் பாஸ்போர்ட் அளவுப் படத்தை நம்பியே கடை திறந்து வைத்திருப்போர்க்கு, சில நூறு குடும்பங்களின் வேலை ஒரே நாளில் கிடைப்பது கசக்குமா என்ன?

அங்கி வாடகைக்கும் மாற்று உண்டு. பட்டமளிப்பு விழாவில் கைத்தறி உடுத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது. குறிஞ்சிப்பாடி நெசவாளரிடம் பத்துத் துண்டுகள் வாங்கித் துறையில் வைத்தால் ஆண்டுதோறும் தோள் மாற்றி அணியலாம்.

இடமும் ஸ்டுடியோவாக இருக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் நேர்வெயில் இல்லை, படியும் இல்லை. பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும். கடற்காற்றுக்குத் திரை நிற்குமா என்று விரிவுரையாளர் ஒருவர் ஐயம் எழுப்பினார். காற்று வலுப்பது முற்பகலுக்குமேல்தான். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் இரண்டு வகுப்புகளை முடித்துவிடலாம். திரையின் கீழ்விளிம்பில் இரண்டு செங்கல்லைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.