அருகில் அமர்ந்து வாசியுங்கள்



செம்பூரில் வசிக்கும் ஒரு சகோதரி, அண்மையில் தாம் வாசித்தவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்தவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறார். பார்த்தது, 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வெளிவந்த 'மெட்டி ஒலி'. அதை இப்போது மறுபடியும் பார்த்து வருகிறார். வாசித்தவை, நாஞ்சில் நாடனின் 'மிதவை' நாவலும், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தில் சில பகுதிகளும். "தொடர் பார்ப்பது தவறா, பாஸ்டர் ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

தொடர் என்பதனாலேயே ஒன்று தீயதாகிவிடாது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியே தம் காவியத்தை இயற்றினார். 1894இல் நூலாக வருமுன், அது 'நற்போதகம்' என்னும் மாத இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராகவே வெளிவந்தது. அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பது நம் முன்னோருக்கும் பழக்கமானதே. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்மக்களைக் கரையேற்றப் பாடுபடும் தகப்பனைக் கண்டு நம் தாய்மார் கண்ணீர் விட்டதும் இயல்பே. எதைப் பார்க்கிறோம், அதற்காக எதை இழக்கிறோம் என்பதே ஆராயவேண்டியது.

அச்சகோதரியின் கடிதத்திலுள்ள வேறொரு வரியே என் மனதைப் பாரப்படுத்திற்று. பதினான்கு வயது மகன் அவருடன் அமர்ந்து தொடர் பார்க்கிறான். ஒவ்வொரு வசனத்தையும் புரிந்துகொள்கிறான். 'மிதவை'யைக் கையில் கொடுத்தாலோ, தலைப்பைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் இத்தகைய பிள்ளைகள் அநேகர். மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. எனினும், பிழைப்பையும் மேற்படிப்பையும் எண்ணி நம்மில் பலர் ஆங்கில வழிப் பள்ளிகளைத் தெரிந்துகொள்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால், வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் இளைஞனின் கதையாகிய 'மிதவை' 1986இல் வெளிவந்தது. அது அநேகமாக அந்தப் பையனின் பாட்டனார் வந்த வழி. அக்கதையும், வீட்டிலுள்ள வேதாகமமும், ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களும் அவனுக்கு மூடிய பெட்டியாய்ப் போகலாமா?

இதற்கான வழி அந்த வீட்டிலேயே இருக்கிறது. அவன் அத்தனை வசனங்களையும் புரிந்துகொள்வது எப்படி? தாய் அருகில் இருக்கிறார்; புரியாததைக் கேட்கிறான், அவர் சொல்கிறார். தொலைக்காட்சியைக் குடும்பமாகப் பார்க்கிறோம். புத்தகத்தையோ தனியே வாசி என்று பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். இரதத்தில் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரிக்கும், பிலிப்பு ஏறி அருகில் உட்கார்ந்த பின்னரே பொருள் விளங்கிற்று.

ஆகவே, சகோதரியே, தொடர் முடிந்ததும் எழுந்துவிடாமல் இன்னும் பதினைந்து நிமிடம் அதே இடத்தில் மகனுடன் அமருங்கள். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, இவற்றிலிருந்து தொடங்குங்கள். எழுத்துகள் பழகியபின் மாற்கு சுவிசேஷத்தைத் திறவுங்கள். அதில் 16 அதிகாரங்களே உள்ளன. நீங்கள் ஒரு வரி வாசியுங்கள். அவன் விரல் வைத்து அடுத்த வரியை வாசிக்கட்டும். பேச்சு அவன் செவியில் ஏற்கெனவே இருப்பதால், எழுத்து விரைவில் கைகூடும். பிறகு 'மிதவை'யை அவனே கேட்டு வாங்குவான்.

அடுத்த கடிதத்தில் உங்கள் பட்டியலோடு மகனின் பட்டியலையும் எதிர்பார்க்கிறேன். அதை அவன் கையாலேயே, தமிழில் எழுதட்டும்.