கரும்பேஸ்வரர் சந்நிதியும் கசப்பு மூலிகையும்

தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் அமைந்துள்ள கோயில்வெண்ணி, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம். கரும்பேஸ்வரரும் சௌந்தரநாயகி அம்மனும் அருள்புரியும் இத்திருக்கோயிலுக்குச் சர்க்கரை நோயுற்ற அன்பர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து கொணர்வர். எறும்புகளுக்கு உணவாக அதனைத் தூவி, நோய் தணிய வேண்டிக்கொள்வர். சிறுநீரை எறும்பு மொய்ப்பதே இந்நோயின் அடையாளம் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

வழிபாடு முடித்து இல்லம் திரும்பும் முதியோர் பலர், வெந்தயத்தையும் சிறுகுறிஞ்சானையும் நாடுகின்றனர். இவற்றின் ஆற்றல் வெறும் நம்பிக்கையன்று. வெந்தயத்தின் நார்ப்பொருள் நீரில் கரைந்து கூழாகி, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைத்துவிடும். இலையை மென்றபின் சர்க்கரையும் மணலெனத் தோன்றும். இன்று பலரும் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஐரோப்பிய மூலிகை ஒன்றில் கண்ட வேதிப்பொருளின் வழிவந்ததே. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், 1957-இல் அதன் பயனை உலகறியச் செய்தார்.

ஆயினும், மூலிகையிலும் அளவு உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்கு நாளொன்றுக்குக் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம். இரவில் ஊறவைத்த ஒரு கரண்டி வெந்தயம் அதற்கு ஈடாகாது; அதனை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர், மருத்துவர் அறியாமல் மூலிகைப் பொடியையும் சேர்த்து உண்டு, ஏகாதசியன்று பட்டினியும் கிடந்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அக்கணமே சர்க்கரை கரைத்த நீரைப் பருக வேண்டும். விரதம் முறியுமே என்று தயங்கலாகாது. முதியவர் நினைவிழந்துவிட்டால் வாயில் எதனையும் புகட்டாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உயிரைக் காத்த பின்னரே உபவாசம்.

இலைதானே என்று எளிதாக எண்ணலாகாது. குணம் தரும் பொருள் எதுவும் மருந்தே. அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்கையில், மாத்திரைச் சீட்டோடு மூலிகைப் பொடியையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். உபவாசம் இருக்கும் நாளையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். எறும்புகளுக்கு இனிப்பை ஈந்து, தம் நாவை அடக்கி வாழும் அன்பர்களுக்குக் கரும்பேஸ்வரர் துணைநிற்பாராக.