கடலுக்குப் போற தண்ணியும் நமக்கான தண்ணிதான்!

 

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் போதும், "தண்ணி வீணா கடல்ல கலக்குது" என்கிறார்கள். அதே கொள்ளிடத்தில் கோடையில் கடல் தண்ணீர் ஏறி வருகிறதே, அதைப் பேச ஆள் உண்டா? அளக்குடி, மகேந்திரப்பள்ளி பக்கம் அடிபம்பை அடித்தால் உப்புக் கரிக்கிறது.

கடலைத் தள்ளி நிறுத்துவது எது? மண்ணுக்குள் இருக்கும் நல்ல தண்ணிதான். கடல் தண்ணியைவிட அது எடை குறைவு, மேலே மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அமுக்கிப் பிடிக்கும். அந்த 1 அடி இறங்கினால் உப்பு 40 அடி ஏறும். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல் தண்ணியில் சுமார் 35,000. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல் தண்ணி கலந்தாலே அளவு தாண்டிவிடும்!

காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சி என்று தனியாக ஒதுக்கியது. கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

ஆனால் வெள்ளம் பத்து நாளில் ஓடி முடிந்தால் காவல் ஏது? மேட்டூர் ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நடுவில் நாலரை மாதம் ஆறு காய்கிறது. மணலை அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கிய இடங்களில் கடல் சுலபமாக உள்ளே வருகிறது. 2014-ல் அறிவித்த ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை நல்ல திட்டம்தான். ஆனால் அது முகத்துவாரத்துக்கு வெகுதூரம் மேலே. அதற்குக் கீழே உள்ள ஊர்கள் என்ன பாவம் செய்தன?

நாம் கேட்பது:

1. பழையாறு மீனவர்களையும் கலந்து பேசி, முகத்துவாரம் அருகே கடல்நீர்த் தடுப்பணை கட்டு!
2. தடுப்பணை மட்டும் போதாது. கோடையிலும் கீழணையிலிருந்து தண்ணீர் விடு!
3. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதை நிறுத்து!
4. கடலோரத்தில் வியாபாரத்துக்கு உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு போடு!

ஒரு போகம் போனால் அடுத்த போகம் பார்த்துக்கலாம். குடிதண்ணி போனால் ஊரையே காலி பண்ணணும். குடத்தோடு வாருங்கள், கோரிக்கையை வென்றெடுப்போம்!

— சங்கச் செயலாளர்