ஒரு வெள்ளிச் சீட்டும் விலையில்லாத நேரமும்

மலாக்காவின் ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் இருப்பவர் அரசாங்கக் கிளினிக்கில் சீட்டு எடுக்க ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. இந்த விலைக்கு வைத்தியம் தரும் நாடுகள் உலகில் அதிகமில்லை.

சீட்டில் அச்சிடாத செலவு வேறு. மலாக்கா பொது மருத்துவமனையில் நிபுணருக்காகக் காத்திருப்பதற்குள் பொழுது போய்விடும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. துணைக்கு வரும் பிள்ளைக்கு அன்றைய கூலி, ஏறக்குறைய 65 வெள்ளி, கையை விட்டுப் போகும்.

முன்பு தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளரும் இருந்தார். தரம் சுமார்தான், ஆனால் லயத்திலிருந்து நடக்கும் தூரம். ரப்பர் செம்பனையாகி, நம்மவர்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகு அந்த வசதிக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

பணம் உள்ளவருக்குத் தனியார் மருத்துவமனைகள்: 1994இல் தொடங்கிய மக்கோத்தா இருக்கிறது. ஆயர் குரோவில் பந்தாய் இருக்கிறது. டுமாயிலிருந்து கடல் கடந்து இந்தோனேசியர்களே வைத்தியத்துக்கு மலாக்கா வருகிறார்கள். ஆனால் தனியாரில் இருக்கும் நிபுணர்களில் பலர் அரசாங்க மருத்துவமனையில் தொழில் பழகியவர்கள்தாம். அங்கே காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நேரத்தையும் தனி அறையையும்தான். டாக்டர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. மருந்து, கையுறை, படுக்கைக்கு இல்லை. பில் வீங்குவது அங்கேதான். 2024இல் மலேசியாவில் மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறியது. காப்புறுதிக் கட்டணம் தாறுமாறாக எகிறி, பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று.

நம்மவர்களுக்கு முதல் எதிரி இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில், வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களில் 31.4. ஓர் அறுவையோடு முடிகிற நோயா இது? மாதாமாதம் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க வேண்டும். இதற்கு ஒரு வெள்ளிக் கிளினிக்கை அடித்துக்கொள்ள தனியாரால் முடியாது. அரசாங்கம் செய்ய வேண்டியது, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நிபுணர் வரும் நாட்களைக் கூட்டுவது, வேலை முடிந்து வருவோருக்கு மாலையிலும் கிளினிக்கைத் திறந்து வைப்பது, தனியாரின் மருந்து விலைக்கும் ஒரு வரம்பு வைப்பது.

அதுவரை, தனியாருக்குப் போகிறவர்கள் படுக்கையில் சேரும் முன்பே உத்தேசச் செலவைக் கேளுங்கள்; வெளியேறும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் கேட்கச் சட்டம் உரிமை தந்திருக்கிறது.