இலவச வைத்தியம் சோசலிசமா?

எல்லோருக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று அமெரிக்காவில் யாராவது வாய் திறந்தால், மறுகணமே எழும் கூச்சல், 'இது சோசலிசம்' என்பதுதான். 1961இல், பின்னாளில் சனாதிபதியான றொனால்ட் றேகன், மருத்துவர் சங்கத்துக்காக இசைத்தட்டொன்றில் பேசி இதே பூச்சாண்டியைக் காட்டினார். 1965இல் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி அங்கே சட்டமாயிற்று. அமெரிக்கா சோசலிச நாடாகிவிட்டதா? எட்டாண்டுகள் ஆட்சிபுரிந்த றேகனும் அதனை ஒழிக்கவில்லை.

1883இல் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கியவர் ஜேர்மனியின் பிஸ்மார்க். 1878இல் சோசலிசவாதிகளுக்கு எதிராகத் தடைச்சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையை 1948இல் தொடக்கியது தொழிற்கட்சி அரசு என்பது உண்மை. எனினும், அரச நிறுவனங்களை ஒவ்வொன்றாக விற்ற தாட்சர் அம்மையார்கூட அதனை விற்கத் துணியவில்லை. கம்யூனிச எதிர்ப்பில் ஊறிய கோமிந்தாங் ஆட்சியில்தான், 1995இல், தாய்வான் அனைவருக்குமான காப்புறுதியைப் பெற்றது.

நமது நாட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அரசுதான், 1978 அரசியலமைப்பில் இலங்கைக்கு 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்று பெயர் சூட்டியது. கட்டணமில்லா வைத்தியமோ அப்பெயருக்கு மிக மூத்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா ஊரூராகக் கொள்ளை கொண்டது. கிராமத்தவரின் வாக்கை நாடியவர்கள் கிராமத்துக்கு வைத்தியசாலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. அதனைப் பெற்றெடுத்தது வாக்குச்சீட்டு என்றே சொல்வேன்.

'இலவசம்' என்ற சொல்லும் முழு உண்மையன்று. நம் அரசின் வரி வருமானத்தில் பெரும்பங்கு பொருட்கள் மீதான மறைமுக வரி. சீனியும் சவர்க்காரமும் வாங்கும் ஏழை, நோய் வருமுன்பே தன் பங்கைச் செலுத்திவிடுகிறான். ஆகவே வைத்தியசாலை வாசலில் அவன் யாசகன் அல்லன்.

2022இல் டொலர் வற்றியபோது அரச வைத்தியசாலைகளில் மருந்துகளும் வற்றின. சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. புலம்பெயர்ந்த பிள்ளைகளை உடையோர் வெளிநாட்டிலிருந்து மருந்து தருவித்தனர். மலையகத் தோட்டத் தொழிலாளி யாரிடம் கேட்பான்? நாட்டின் பெயரில் இருந்த 'சோசலிச' என்ற சொல் அவனுக்கு ஒரு மாத்திரையைக்கூடக் கொடுக்கவில்லை.

எனவே சோசலிசமா, முதலாளித்துவமா என்ற வழக்கைப் பண்டிதர்கள் நடத்தட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்றே: மடியில் பணமில்லாதவன் நோயுற்றால், அவனுக்கு மருந்து கிடைக்குமா?