வீட்டை விற்க புரோக்கர் கமிஷனா, ஃபிளாட் ஃபீ வெப்சைட்டா? பெரம்பலூர், அரியலூரில் எது எடுபடும்?

பெரம்பலூரில் ஒருவர் தன் வீட்டை 40 லட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என வைத்துக்கொள்வோம். புரோக்கர் 2 சதவீதம் கேட்டால் 80 ஆயிரம் ரூபாய் போய்விடும். 1 சதவீதத்துக்குப் பேசி முடித்தாலும் 40 ஆயிரம். 'நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டுறதுக்கா இவ்வளவு?' என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் ஃபிளாட் ஃபீ சேவை. வீடு எவ்வளவுக்குப் போனாலும் ஒரே கட்டணம், கமிஷன் கிடையாது.

அமெரிக்காவில் எப்படி நடக்கிறது?

அங்கு மொத்த கமிஷன் நீண்ட காலமாக 5 முதல் 6 சதவீதம். இந்த முறையை எதிர்த்து நடந்த வழக்குகளில், தேசிய ரியல்டர்கள் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் அங்கு எம்எல்எஸ் என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. ஃபிளாட் ஃபீ கட்டினால் வீடு அந்தப் பட்டியலில் ஏறிவிடும். அந்த வட்டாரத்து ஏஜென்ட்டுகள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். கட்டணத்துக்கு மதிப்பே அதில்தான்.

நம்மூரில் அப்படியொரு பொதுப் பட்டியல் இல்லை. பணம் கட்டினால் அந்த ஒரு வெப்சைட்டில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். 2014-ல் தொடங்கி 2021-ல் யூனிகார்ன் ஆன நோபுரோக்கரும் பெருநகரங்களை நம்பித்தான் வளர்ந்தது. பிரிட்டனில் இதே பாணியில் கொடிகட்டிப் பறந்த பர்ப்பிள்பிரிக்ஸ், 2023-ல் வெறும் 1 பவுண்டுக்குக் கைமாறியது தனிக்கதை.

பெரம்பலூர், அரியலூரில் என்ன சிக்கல்?

சிமென்ட் ஆலைகள் உள்ள அரியலூர், காலணிப் பூங்கா வந்த எறையூர் போன்ற இடங்களில் வேலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் போனில்தான் வீடு தேடுவார்கள். அங்கே வெப்சைட் விளம்பரம் எடுபட வாய்ப்பு உண்டு. உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்து வீட்டை வாங்கப்போவது பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரரோ, சொந்தக்காரரோதான். அவருக்குத் தகவல் டீக்கடையிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் பேப்பர். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசு சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள். கல்யாணமாகிப் போன அக்காவிடம் கையெழுத்து கேட்டிருக்க மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழகத்தில் 1989-லேயே வந்துவிட்டது. ஆனால் பத்திரம் எழுதும் நாளில்தான் பலருக்கு அது ஞாபகம் வருகிறது. அனுபவமுள்ள புரோக்கர் இதையெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுவார். வெப்சைட் போட்டோ மட்டும்தான் கேட்கும்.

அதற்காக புரோக்கர் எல்லாம் உத்தமர் என்று அர்த்தமில்லை. ரெரா சட்டத்தின் ஏஜென்ட் பதிவு, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் புரோமோட்டர்கள் விற்கும் மனை, வீடுகளுக்கானது. தனிநபர் தன் பழைய வீட்டை விற்கும்போது அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கட்டணமில்லாத விளம்பரத்தைப் போட்டுப் பார்க்கலாம். பல வெப்சைட்டுகளில் அந்த வசதி உண்டு. வரும் போன்களில் எத்தனை பேர் நிஜமாக வாங்குபவர்கள், எத்தனை பேர் 'பார்ட்டி ரெடியா இருக்கு சார்' எனும் புரோக்கர்கள் என்று 2 வாரத்தில் தெரிந்துவிடும். ஃபிளாட் ஃபீயை முன்பணமாகக் கேட்டால், வீடு விற்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விற்பவரே எடுத்துவிடலாம். பட்டாவையும் ஆன்லைனில் சரிபார்க்கலாம். வாங்குபவருக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதச் செலவு இருப்பதால், விலையை அடித்துத்தான் பேசுவார். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

உரிமையாளர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். யார் மூலம் விற்றாலும் டோக்கன் அட்வான்ஸை 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகையை வருமான வரித்துறை அபராதமாக விதிக்கலாம்.