பெட்டி நின்றுவிட்டால் எல்லாம் போய்விடுமா?



பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, தைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டவர்கள் வன்னி மக்கள். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் வந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். றேடியோ நின்றால் முதலில் தைனமோ சில்லில் உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வயரைப் பார்ப்பார்கள். றேடியோவைக் குறை சொல்வது கடைசியில்தான். மடிக்கணினிக்கும் இதே ஒழுங்குதான்.

அண்மையில் ஸ்கந்தபுரத்தில் எமது பெண்கள் குழுவின் மடிக்கணினி திடீரென இயங்காமல் போனது. சுழற்சிக் கடன் கணக்கு மட்டுமல்ல, காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளின் படங்களும் முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகளும் அதற்குள் இருந்தன. 2009இல் பங்கருக்குள்ளும் பைக்குள்ளும் காத்துக் கொண்டுவந்த படங்கள் அவை. சிலரின் மூலப்படத்தைப் பின்னர் கறையான் தின்றுவிட்டது. திருத்தக் கொண்டுபோன கடையில், “போட் அடிச்சுப்போச்சு, புதுசு வாங்குங்கோ” என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“பிள்ளை, பெட்டி செத்துப்போச்சாம். என்ர மகன்ர படமும் அதோட போச்சோ?” என்று ஒரு தாய் கேட்டார்.

“பொறுங்கோ அம்மா, ஒண்டொண்டாப் பாப்பம்” என்றேன். குழுவில் கணினி படித்த தங்கையொருத்தியும் நானும் உட்கார்ந்தோம். நாங்கள் பார்த்த ஒழுங்கை நீங்களும் குறித்து வையுங்கள்.

முதலில் மின்சாரம். அதே பிளக்கில் வேறொன்றைக் கொழுவிப் பாருங்கள். சார்ஜரில் லைற் இருந்தால் எரிகிறதா, வயர் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவல் சார்ஜர் போடுவதானால் அதில் எழுதியுள்ள வோல்ற் அளவு ஒன்றாக இருக்கவேண்டும்.

இரண்டாவது பற்றரி. சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதானால் அதையும் கழற்றி, சுவிச்சை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் கொழுவிப் போட்டுப் பாருங்கள். பற்றரி வீங்கியிருந்தால் அதைத் திரும்பப் போடவே கூடாது. தீப்பற்றலாம்.

மூன்றாவது திரை. விசிறிச் சத்தம் கேட்டும் திரை இருட்டாக இருந்தால், ரோச் லைற்றைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் பழுது திரையின் வெளிச்சத்தில்தான். ஒன்றும் தெரியாவிட்டால், மின்சாரத்தையும் பற்றரியையும் கழற்றியபின், நினைவகத் துண்டான றாமை எடுத்து, அதன் பொன் நிறப் பற்களை அழிறப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் இறுக்குங்கள். பல கணினிகள் இதோடேயே எழும்பிவிடும்.

எங்களுடையது எழும்பவில்லை. கடைக்காரர் சொன்னது சரி, போட்தான் பழுது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படங்கள் இருப்பது போட்டில் அல்ல, ஹாட் டிஸ்க்கில். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையொன்றில் போட்டு, இன்னொரு கணினியில் கொழுவினோம். உறைக்கான செலவு புதுக் கணினி விலையோடு பார்த்தால் மிகச் சிறியது. படங்கள் எல்லாம் இருந்தன. அந்தத் தாய் திரையில் மகனைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாக் கணினியிலும் இப்படி வாய்க்காது. சில மெல்லிய கணினிகளில் சேமிப்பகம் போட்டோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் பூட்டுத் திறவு எண் கேட்கும். ஹாட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். முக்கியமாக, திருத்தக் கொடுக்கும்போது, “என்னைக் கேளாமல் எதையும் அழிக்கக் கூடாது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது அவர்கள் கைகளில் இருந்தவை படங்களே. எந்த விசாரணைக்குப் போனாலும் படமும் கடிதமும்தான் எமது சாட்சி. அந்தச் சாட்சியை ஒரே பெட்டிக்குள் வைக்கலாமா? இரண்டு பென் ட்றைவில் பிரதி எடுங்கள். இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள். அச்சுப் படமொன்றையும் பொலித்தீன் உறையில் போட்டுக் கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.